ஹட்டனுக்குப் போகலாமா? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அக்கா,

கோத்தகிரி பக்கம் ஒரு சபையில் வாலிபர் சங்கச் செயலாளராக இருக்கிறேன். வரும் மே மாதம் எங்கள் சங்கத்திலிருந்து 14 பேர் இலங்கைக்குப் பத்து நாள் மிஷன் பயணம் போவதாகத் திட்டம். அங்கே தேயிலை மலையில் ஹட்டன் அருகே ஒரு சிறுவர் இல்லம், 38 பிள்ளைகள். வி.பி.எஸ். (சிறுவர்களுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி) நடத்துவது, சுவருக்கு வர்ணம் அடிப்பது, எல்லாருக்கும் புதுத்துணி, கடைசி நாள் பிரியாணி. தலைக்கு 45,000 ரூபாய் ஆகிறது. அறுப்பின் பண்டிகை ஏலம், கிறிஸ்துமஸ் கேக் விற்பனை என்று பாதிக்கு மேல் சேர்த்துவிட்டோம். எங்களில் பலருடைய தாத்தா பாட்டி அந்த மலையிலிருந்து வந்தவர்கள். அதனால்தான் அந்த ஊரைத் தேர்ந்தெடுத்தோம்.

இப்போது சபை மூப்பர் ஒருவர், "இங்கேயே ஆயிரம் வேலை கிடக்கு, கடல் தாண்டி எதுக்குப் போகணும்?" என்கிறார். நீங்கள் சிறுவயதில் இல்லத்தில் வளர்ந்ததாக எழுதியிருந்தீர்கள். அதனால் உங்களிடம் கேட்கிறேன். போகலாமா, வேண்டாமா?

அன்புடன்,
ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹட்டனுக்குப் போங்கள். ஆனால் அந்த இல்லத்துக்கு, நீங்கள் எழுதியிருக்கிற விதத்தில், போக வேண்டாம்.

மூப்பர் கேட்ட கேள்வியில் எனக்கு உடன்பாடு இல்லை. 1840களில் சுவிட்சர்லாந்தின் பாசல் மிஷன்காரர்கள் கடல் தாண்டித்தான் நம் நீலகிரியின் கேத்திக்கு வந்தார்கள். திருநெல்வேலிச் சீமையில் டோனாவூர் பிள்ளைகளை வளர்த்த அயர்லாந்து மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1895இல் இந்தியாவுக்கு வந்தவர். 1951இல் இறக்கும்வரை ஒருமுறைகூடச் சொந்த ஊருக்குத் திரும்பவில்லை. தமிழ் படித்தார், பிள்ளைகள் அவரை அம்மா என்று கூப்பிட்டார்கள். கல்லறைக்குக் கல் வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால், பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்து அதில் 'அம்மா' என்று மட்டும் பொறித்தார்கள். ஐம்பத்தைந்து வருடம் கூடவே இருந்தவருக்குக் கிடைத்த பெயர் அது. பத்து நாளில் யாரும் அம்மாவாக முடியாது என்பது உங்களுக்கும் தெரியும். பிள்ளைக்குத்தான் அது தெரியாது. என் கவலை அங்கேதான் இருக்கிறது.

என் கதையைச் சொல்கிறேன். அப்பா தோட்டத்து லாரி கவிழ்ந்து இறந்தபோது எனக்கு எட்டு வயது. அம்மா கொழுந்து பறித்தாள். அந்தக் கூலியில் மூன்று வயிறு நிறையாது. மலையில் ஒரு இல்லத்தில் சாப்பாடும் படிப்பும் இலவசம் என்றார்கள். தம்பியை வைத்துக்கொண்டு என்னைச் சேர்த்துவிட்டாள். அங்கே வயிறாரச் சாப்பிட்டேன், பள்ளிக்கூடம் போனேன். இன்று எழுதுகிறேன் என்றால் அந்தப் படிப்பால்தான். அந்த நன்றியை நான் மறக்கவில்லை. ஆனால் அவர்களுடைய பதிவேட்டில் என் பெயருக்கு நேரே அனாதை என்று எழுதியிருந்தார்கள். அம்மா கைநாட்டு வைத்தது அந்தப் பக்கத்தில்தான்.

மே மாதம் பள்ளிக்கு லீவு விட்டால் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் பாட்டி வீட்டுக்கும் மாமா வீட்டுக்கும் போகும். எங்களை அனுப்பமாட்டார்கள். சீசனில்தான் வெளிநாட்டு வாலிபர்கள் குழுவாக வருவார்கள், அப்போது பிள்ளைகள் இல்லத்தில் இருக்கவேண்டும். ஒரு வாரம் முன்பிருந்தே வரவேற்புப் பாட்டுக்கு ஒத்திகை நடக்கும். ஒரு மே மாதம் நாங்கள் வரிசையாக நின்று கையசைத்துப் பாடிக்கொண்டிருந்தோம். கேட்டுக்கு வெளியே கற்பூர மரத்தடியில் அம்மா நிற்பது தெரிந்தது. தலையில் வேலைக்குக் கட்டும் துணி, கையில் ஒரு மஞ்சள் பை. விருந்தாளிகள் இருக்கிறார்கள், அப்புறம் வா என்று வாட்ச்மேன் சொல்லியிருக்கிறார். அரை நாள் லீவு போட்டு, பஸ் மாறி வந்தவள் அவள். நான் பாட்டை நிறுத்தவில்லை. நிறுத்தினால் வார்டன் அக்கா திட்டுவார் என்று பயம். எல்லாம் முடிந்து நான் கேட்டுக்குப் போகும்போது அவள் பையில் கொண்டுவந்த வர்க்கி பிஸ்கட் பாக்கெட் பனியில் நமுத்துப்போயிருந்தது. அம்மா அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "பாட்டு இங்க வரைக்கும் கேட்டுச்சு, நல்லா பாடினீங்க" என்றாள்.

அந்தக் குழுவில் வந்த ஒரு அக்கா ஒன்பது நாளும் எனக்குத்தான் தலை பின்னிவிட்டாள். கலர் நூலில் கைக்கயிறு பின்னக் கற்றுக்கொடுத்தாள். கிளம்பும்போது கட்டிப்பிடித்து அழுதாள், முகவரி எழுதிக்கொடுத்தாள். நான் மூன்று கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை, என் கடிதங்களை யாராவது தபாலில் போட்டார்களா என்பதே சந்தேகம்தான். ஆனால் அடுத்த வருடம் வேறொரு குழு வந்து இறங்கியபோது, நான் ஓடிப்போய் முதலில் கண்ணில் பட்டவளின் கையைப் பிடித்துக்கொண்டேன். பெயர்கூடக் கேட்கவில்லை. "எவ்வளவு பாசமான பிள்ளை!" என்று அவர்கள் சொல்லிக்கொண்டார்கள். யார் வந்தாலும் மடியில் ஏறிக்கொள்கிற பிள்ளையை நீங்கள் ஹட்டனிலும் பார்ப்பீர்கள் தம்பி. முன்பு வந்தவர்கள் எல்லாரும் போய்விட்டதால் அந்தப் பிள்ளை கற்றுக்கொண்ட பழக்கம் அது. மனதில் காயம் பட்ட அடையாளம் அது என்று குழந்தை மனநலம் படித்தவர்கள் சொல்கிறார்கள். என் கையைத் தட்டிவிட யாருக்கும் மனசு வந்திருக்காது. அதனால்தான் வருவதற்கு முன்பே யோசிக்கச் சொல்கிறேன்.

இது என் ஒருத்தியின் கதை என்றால் இங்கே எழுதவே மாட்டேன். கம்போடியாவில் 2005க்கும் 2010க்கும் இடையில் அனாதை இல்லங்களின் எண்ணிக்கை முக்கால் பங்கு கூடியது. அந்த ஐந்து வருடத்தில் அங்கே பெரும் போரோ பெரும் சாவோ இல்லை. கூடியது சுற்றுலாப் பயணிகளும் அவர்கள் கொடுத்த பணமும்தான். உள்ளே இருந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள். பார்க்க ஆள் வந்தால் காட்டப் பிள்ளை வேண்டும், பிள்ளை வேண்டுமென்றால் ஏழைத் தாயிடம் போய் நல்ல படிப்பு என்று சொல்லிக் கூட்டிவர வேண்டும். ஆஸ்திரேலியா 2018இல் நவீன அடிமைத்தனத்துக்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்தபோது, இப்படிப் பிள்ளை பிடிப்பதையும் அடிமைத்தனத்தின் ஒரு வகை என்று ஏற்றுக்கொண்டது. வறுமை ஒன்றையே காரணமாக வைத்துப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்று ஐ.நா. 2009லேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. 2019 டிசம்பரில் பொதுச்சபை நிறைவேற்றிய தீர்மானம், சுற்றுலாவோடு சேர்ந்த இல்லச் சேவைப் பயணங்களால் வரும் ஆபத்தைப் பற்றியும் பேசுகிறது. நீங்கள் போகிற இல்லம் அப்படிப்பட்டது என்று நான் சொல்லவில்லை. அதை விசாரித்தீர்களா என்றுதான் கேட்கிறேன்.

விசாரிப்பது என்ற சொல் நம் வேதத்திலேயே இருக்கிறது. உங்கள் பயணத்துக்கு ஆதார வசனமாக யாக்கோபு 1:27ஐத்தான் எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். திக்கற்ற பிள்ளைகளும் விதவைகளும் படுகிற உபத்திரவத்திலே அவர்களை விசாரிப்பது. எத்தனையோ பிரசங்கத்தில் கேட்ட வசனம். அம்மா இறந்த பிறகு ஒருநாள் அதை வாசித்தபோதுதான், பிள்ளையும் விதவையும் ஒரே மூச்சில் சொல்லப்பட்டிருப்பது எனக்கு உறைத்தது. அந்தப் பிள்ளையின் தாய்தானே அந்த விதவை? நாம் பிள்ளையை மட்டும் எடுத்துக்கொண்டு தாயைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டோம். அவளையும் உள்ளே கூப்பிட்டு, "மாசம் எவ்வளவு இருந்தா பிள்ளைய வீட்லயே வச்சுக்குவம்மா?" என்று ஒரே ஒருவர் விசாரித்திருந்தால் எங்கள் வீடு வேறு மாதிரி இருந்திருக்கும்.

அந்தக் கேள்விக்கு இன்று நம் ஊரில் ஒரு கணக்கு இருக்கிறது. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில், விதவைத் தாயிடமோ உறவினரிடமோ வளர்கிற பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் உதவி கொடுக்கிறார்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்கவேண்டும். அதே அளவை வைத்துப் பாருங்கள். உங்கள் 14 பேரின் பயணச் செலவு 6,30,000 ரூபாய். ஒரு பிள்ளைக்கு வருடம் 48,000. பதின்மூன்று பிள்ளைகள் ஒரு வருடம் முழுக்கத் தங்கள் அம்மா பக்கத்தில் தூங்கலாம். இந்தக் கணக்கைப் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

சரி, அப்புறம் ஏன் ஹட்டனுக்குப் போகச் சொல்கிறேன்? அது நம் சொந்தக்காரர்கள் இருக்கிற மலை. 1964 அக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் அங்கிருந்த தோட்டத் தமிழர்களைப் பற்றிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களைப் பிரித்தார்கள். என் பாட்டி இந்தியக் கணக்கில் வந்தாள், அவள் தங்கை இலங்கைக் கணக்கில் நின்றுபோனாள். பாட்டி ரயிலில் தலைமன்னார் வந்து, கப்பலில் ராமேஸ்வரம் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, கடைசியில் இந்த மலைக்கு வந்து சேர்ந்தாள். 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்கள், இப்போது டான்டீ என்கிறோமே, அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் வந்தன. பாட்டி சாகும்வரை ரயிலைக் கோச்சி என்றுதான் சொன்னாள். தங்கையை மறுபடி பார்க்கவேயில்லை. குடும்பம் பிரிவதென்றால் என்னவென்று உங்கள் பாட்டிமாருக்கும் தெரியும், கேட்டுப்பாருங்கள்.

அவளிடமிருந்து எனக்குக் கிடைத்த இன்னொரு சொல் பிள்ளை மடுவம். விடியற்காலையில் பிரட்டுக்கு (வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்துக்கு) போகும்போது கைப்பிள்ளையை மடுவத்தில் ஆயாவிடம் விடுவார்கள். இடையில் ஓடிவந்து பால் கொடுப்பார்கள். சாயங்காலம் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து இடுப்பில் தூக்கிக்கொண்டு லயத்து வீட்டுக்குப் போவார்கள். வேலைக்குப் போகிற தாயின் பிள்ளை இரவில் தாயிடமே இருக்கும். நம் நாட்டிலும் 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 பெண்களோ அதற்கு மேலோ வேலை செய்கிற தோட்டத்தில் பிள்ளைக் காப்பகம் இருந்தாக வேண்டும் என்று சொன்னது. நல்ல மடுவம் இருக்கிற தோட்டத்தில் இல்லத்துக்குப் போகிற பிள்ளைகள் குறைவாகத்தான் இருக்கும் என்பது என் நம்பிக்கை. ஹட்டன் பக்கம் தாய்மார் பலர் வளைகுடா நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போயிருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளை ஆச்சியோ சித்தியோ வைத்து வளர்க்கிறார்கள். இல்லத்தின் படியேறுவதற்கு முந்தின நிலை அதுதான். அந்த வீடுகளுக்குப் போய் உட்காருங்கள், தேத்தண்ணி குடியுங்கள், பேசுங்கள். நம் மொழிதான், நம் பாட்டுதான்.

இல்லத்துக்கு இன்றைக்கே ஒரு கடிதம் எழுதுங்கள். 38 பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தாயோ தகப்பனோ இருக்கிறார்? போன வருடம் எத்தனை பேர் வீடு திரும்பினார்கள்? லீவுக்கு வீட்டுக்கு அனுப்புகிறார்களா? இலங்கை அரசின் நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தில் (துறையில்) பதிவு இருக்கிறதா? நல்ல இல்லம் என்றால் இந்தக் கேள்விகளுக்குச் சந்தோஷமாகப் பதில் எழுதுவார்கள், அப்படி நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். முகம் சுளித்தால் அதுவும் ஒரு பதில்தான். சுற்றுலா விசாவில் ஊழியம் செய்ய அனுமதி உண்டா என்பதையும் தூதரகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பதில் நல்லபடியாக வந்தால், பெரியவர்களாக இரண்டு மூன்று பேர் மட்டும் ஒரு நாள் இல்லத்துக்குப் போங்கள். பிள்ளைகளோடு விளையாட வேண்டாம். அங்கே வேலை செய்கிறவர்களோடு உட்காருங்கள். எனக்கு ஆறு வருடம் பேன் வாரிய வார்டன் அக்காவை நினைத்துச் சொல்கிறேன். என்னைத் திட்டியதும் அவர்தான், காய்ச்சலில் ராத்திரி முழுக்கக் கூட இருந்ததும் அவர்தான். அவருடைய சம்பளம் மாதாமாதம் சரியாக வந்ததில்லை. பத்து நாள் சேர்ந்தாற்போல் அவர் லீவு எடுத்து நான் பார்த்ததில்லை. சுவருக்கு அடிக்கிற வர்ணத்தை அந்த ஊர்ப் பெயிண்டருக்கே விட்டுவிட்டு, அப்படி ஒருவருடைய சம்பளத்தை மூன்று வருடத்துக்கு ஏற்றுக்கொள்ளுங்கள்.

போட்டோ வேண்டவே வேண்டாம். நம் 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, பராமரிப்பில் இருக்கிற பிள்ளையை அடையாளம் காட்டுகிற படமோ பெயரோ ஊடகத்தில் வெளியிடக் கூடாது என்கிறது. அங்கே சட்டம் எப்படியிருந்தாலும் நீங்கள் இதையே கடைப்பிடியுங்கள். நான் பல் விழுந்த வாயோடு சிரிக்கிற படம் எந்த நாட்டு எந்தச் சபைச் சுவரில் இத்தனை வருடமாகத் தொங்கியதோ, எனக்குத் தெரியாது.

சேர்த்த பணத்தைப் பற்றிச் சபையில் மறைக்காமல் பேசுங்கள். கேக் வாங்கினவர்கள் பிள்ளைகளுக்கென்று கொடுத்தார்கள், பிள்ளைகளுக்கே போகிறது என்று சொன்னால் யாரும் வருத்தப்படமாட்டார்கள். பதினான்கு பேரில் சிலருக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். முதல்முறை பாஸ்போர்ட் எடுத்த பிள்ளைகள், ஆசை இருக்கத்தானே செய்யும். அவர்களை என்னிடம் பேசச் சொல்லுங்கள்.

ஏப்ரலில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிகிற நேரத்துக்குக் கோத்தகிரிக்கு வருகிறேன். இல்லத்திலிருந்து வந்த பதிலை எடுத்து வையுங்கள், மூப்பரையும் இருக்கச் சொல்லுங்கள். உட்கார்ந்து படிக்கலாம். பாட்டியின் தங்கை இருந்த தோட்டத்தின் பெயரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வருகிறேன். ஹட்டனிலிருந்து எந்தப் பக்கம் என்று போகிறபோது விசாரித்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா