வேல போன நேரத்துல ஓவர்டிராஃப்ட் கடனையும் பேங்க் சார்ஜையும் எப்படி சமாளிக்க?

நாலு மாசமா வேல இல்ல, சம்பள அக்கவுண்டுல எடுத்த ஓடி (ஓவர்டிராஃப்ட், கணக்குல இருக்கதுக்கு மேல எடுத்துக்கிட பேங்க் விடுத கடன்) அப்படியே நிக்கி, யாராவது ரூவா போட்டுவிட்டாலும் பேங்குல சார்ஜுன்னு புடிச்சுக்கிடுதாவ, என்ன செய்யன்னு கேட்டிருக்கீங்க. தம்பி, 2022ல நான் இதே எடத்துல நின்னேன், அதான் கொஞ்சம் நீட்டியே எழுதுதேன்.

எனக்கு ஊரு முக்கூடல் பக்கம். பாளையங்கோட்டைல ஒரு ஷோரூம்ல கணக்கு பாத்துக்கிட்டு இருந்தேன், சம்பளம் 19,000. அப்பா ஆஸ்பத்திரி செலவுக்கு சம்பளத்த வச்சு குடுத்த ஓடில 52,000 எடுத்தாச்சு, அடுத்த ரெண்டாவது மாசம் ஆள் குறைக்கோம்னு வெளிய அனுப்பிட்டாவ. பைக் டியூ 2,840 மாசா மாசம் 5ந்தேதி அதே பேங்க் சேவிங்ஸ்ல இருந்து தானா போற மாதிரி இருந்துச்சு. சம்பளம் வரலேன்னா கொஞ்ச மாசத்துல அது சாதா அக்கவுண்டா மாறிரும், அப்புறம் மினிமம் பேலன்ஸ் வைக்கணும்ங்கது எனக்கு அப்ப தெரியாது. பேங்க் மெசேஜ் வந்தாலே நெஞ்சு படபடன்னு அடிக்கும், திறந்தே பாக்க மாட்டேன். அம்மா பீடி சுத்தி சேத்த 1,500 ரூவாய அண்ணன் மூலமா போட்டுவிட்டா, அன்னைக்கு சாயங்காலம் ஏடிஎம்ல நின்னு பாக்கேன், 38 ரூவா கெடக்கு. அந்த ராத்திரி எனக்கு தூக்கமே இல்ல.

மறுநாள் அஞ்சு மாச ஸ்டேட்மென்ட்ட எடுத்து ஒரு செவப்புப் பேனாவால கோடு போட்டேன். நீங்களும் மொதல்ல இதத்தான் செய்யணும், எம்புட்டு பயமா இருந்தாலும். எனக்கு வந்த கணக்கு இது: ஓடிக்கு வட்டி 3,100 சொச்சம். கணக்குல ரூவா இல்லாம பைக் டியூ திரும்புனதுக்கு தடவைக்கு 500, ஜிஎஸ்டியோட 590, ஒரே மாசத்துல ரெண்டு தடவ கூட போட்டுப் பாத்திருக்காவ, ஆக ஒம்பது தடவ 5,310. மினிமம் பேலன்ஸ் இல்லன்னு மூணு மாசம் 354 வீதம் 1,062. மொத்த சார்ஜ் 6,372, வட்டிய விட ரெண்டு மடங்கு. என்னைய அமுக்குனது வாங்குன கடன விட, வாற ரூவாயும் போற டியூவும் ஒரே பேங்குல கெடந்ததுதான்.

அதனால வாற ரூவாய்க்கு வேற வழி பண்ணணும். வேற ஒரு பேங்குல, கடன் எதுவும் இல்லாத பேங்குல, அடிப்படை சேமிப்புக் கணக்குன்னு கேளுங்க. மினிமம் பேலன்ஸ் கெடையாது, ஏடிஎம் கார்டுக்கும் காசு கெடையாது, மாசம் நாலு தடவ ரூவா எடுக்க எல்லா பேங்கும் விடணும். எல்லாரும் சொல்லித் தரமாட்டாவ, நாமதான் பேரச் சொல்லி கேக்கணும். நான் அம்பாசமுத்திரத்துல ஒரு அரசு பேங்குல தொடங்குனேன். ஏன் வேற பேங்குன்னா, கடன் நிக்கிற பேங்குல நம்ம பேர்ல ரூவா விழுந்தா அத பாக்கிக்கு நேர் பண்ணிக்கிட அவங்களுக்கு உரிமை இருக்கு. பிஎஃப் ரூவாய எடுக்கதுக்கு முன்னாடியே பிஎஃப் தளத்துல அக்கவுண்ட் நம்பர மாத்திருங்க. அப்ப ஒரு மாசம் வேல இல்லேன்னா 75 சதவீதம் எடுக்கலாம், 2025 அக்டோபர்ல விதிய மாத்த முடிவு பண்ணிருக்காவ, அதனால இப்ப உள்ளத தளத்துலயே பாத்துக்கோங்க. எனக்கு வந்ததுல மொதல்ல வீட்டு அரிசி பருப்புக்கு மூணு மாசத்துக்கு ஒதுக்கிட்டு, பைக் பாக்கிய கட்டிட்டு, மிச்சத்தத்தான் பேங்குக்கு வச்சேன். அது சரிதான்னு இன்னைக்கும் சொல்லுதேன்.

டியூ போற ஏற்பாட்ட மட்டும் சொல்லாம கொள்ளாம நிறுத்திராதீங்க. செக் பவுன்ஸ் மாதிரியே இதுக்கும் 2007 சட்டத்துல வழக்கு போட வழி இருக்கு. பைக் கடன் குடுத்த ஃபைனான்ஸ் ஆபீஸுக்கே போயி, இந்தத் தேதிக்கு கையில கட்டுதேன், பேங்குல போடாதீங்கன்னு எழுதிக் குடுத்து சீல் வாங்குங்க. எனக்கு அப்படித்தான் 590, 590ன்னு போனது நின்னுச்சு.

அப்புறம் பேங்குக்கு ஒரு லெட்டர். வேல போன தேதி, ஷோரூம்ல குடுத்த ரிலீவிங் லெட்டர் நகல், நான் கோடு போட்ட ஸ்டேட்மென்ட், எல்லாத்தையும் வச்சு ரெண்டு விஷயம் கேட்டேன். ஒண்ணு, ரிசர்வ் பேங்க் 2014 நவம்பர்ல போட்ட உத்தரவுப்படி, மினிமம் பேலன்ஸ் கொறைஞ்சா மொதல்ல தகவல் சொல்லி கொறஞ்சது ஒரு மாசம் டைம் குடுத்துட்டுத்தான் அபராதம் போடணும், அந்த அபராதத்தால மட்டும் அக்கவுண்ட் மைனஸுக்கு போகவும் கூடாது. எனக்கு ஒரு தகவலும் வரலேன்னு எழுதுனேன். ரெண்டாவது, ஓடிய மாசத் தவணையா மாத்திக் குடுங்கன்னு. கவுண்டர்ல இருந்தவங்க முகத்தக் கூட பாக்கல, மேனேஜர் மேடம் மட்டும் உக்கார வச்சு படிச்சாவ. இருபது நாள்ல 1,062 முழுசும், ரெண்டு ரிட்டர்ன் சார்ஜும் திரும்ப வந்துச்சு. கடன 24 மாசத் தவணையா, மாசம் 2,600 சொச்சமா மாத்துனாவ, ஜனவரில கங்கைகொண்டான் சிப்காட்ல வேல கெடச்ச பொறவு கட்ட ஆரம்பிச்சேன்.

பேங்குல 30 நாளுக்குள்ள பதில் வரலேன்னா, இல்ல வந்த பதில் சரியில்லேன்னா ரிசர்வ் பேங்க் ஆம்பட்ஸ்மனுக்கு (பேங்க் மேல உள்ள புகார விசாரிக்குத அதிகாரி) போங்க, காசு கெடையாது. 14448க்கு அடிச்சா தமிழ்லயே கேக்கலாம்.

வசூலுக்குன்னு போன் பண்ணுதவங்க காலைல எட்டுக்கு முன்னாடியும் சாயங்காலம் ஏழுக்குப் பின்னாடியும் கூப்பிடக் கூடாது, வீட்டாளுகள அசிங்கப்படுத்தவும் கூடாது. கூப்பிட்ட நேரத்த எழுதி வைங்க.

இத அடைக்க லோன் ஆப்புலயோ கந்துவட்டிக்கோ மட்டும் வாங்கிராதீங்க தம்பி, உங்கள கெஞ்சிக் கேக்கேன். 2017ல நம்ம கலெக்டர் ஆபீஸ் வாசல்ல கந்துவட்டிக் கொடுமையால ஒரு குடும்பமே போச்சு, நெல்லைக்காரங்க யாருக்கும் அது மறக்காது. நக இருந்தா கூட்டுறவு பேங்குல வைங்க, இல்லேன்னா பேங்க்காரங்க கிட்டயே டைம் கேளுங்க. கொறச்சு கட்டி செட்டில்மென்ட் பண்ணச் சொல்லுவாவ, அவசரப்படாதீங்க, சிபில்ல (நம்ம கடன் கட்டுன கதைய பதிஞ்சு வைக்குத எடம்) "செட்டில்டு"ன்னு விழுந்தா அடுத்த லோனுக்கு அலையணும், முடிஞ்ச வரைக்கும் "குளோஸ்டு"ன்னு வர்ற மாதிரி கட்டுங்க. எனக்கு 2025 ஜனவரில முடிஞ்சுது, பாக்கி இல்லேன்னு குடுக்குத நோ டியூ சர்டிபிகேட் கைக்கு வர ஒன்றர மாசம் ஆச்சு, மூணு தடவ போயி நின்னுதான் வாங்குனேன்.