டிப்ளோமா இருக்கிறது, ஆலை கேட்பது என்ன?

கேள்வி: என் மகன் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் டிப்ளோமாவின் கடைசிப் பருவத்தில் இருக்கிறான். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் வேலை கேட்டுப் போனோம். "என்ன செய்யத் தெரியும்?" என்றார்கள். எங்களிடம் மதிப்பெண் பட்டியல்தான் இருந்தது. படித்ததை வேலைத் திறனாக எப்படிக் காட்டுவது?

பதில்: ஆலையின் கேள்வி நியாயமானது. மகனின் படிப்பிலும் குறை இல்லை. இரண்டும் வெவ்வேறு வேலைகளைப் பற்றிப் பேசுகின்றன, அதுதான் சிக்கல்.

அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனத்தின் தொழில் வகைப்பாட்டில் மின்பொறியியல் தொழில்நுட்பருக்கு 3113 என்ற எண். மின்கருவிகளைப் பொருத்திப் பழுதுபார்ப்பவருக்கு 7412. மலேசியாவின் 'மாஸ்கோ' வகைப்பாடும் அந்த அனைத்துலக அமைப்பைத் தழுவியதே. டிப்ளோமா பெரும்பாலும் முதல் வேலையை மனத்தில் வைத்து எழுதப்படுகிறது; ஆலையின் பராமரிப்புப் பிரிவு இரண்டாவது வேலைக்கு ஆள் தேடுகிறது. ஆகவே, எந்த வேலைக்கு விண்ணப்பம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

அடுத்து, விரிவுரையாளரிடம் ஒவ்வொரு பாடத்தின் கற்றல் விளைவுகளையும், அதாவது பாடம் முடிந்ததும் மாணவனுக்கு என்ன செய்யத் தெரிய வேண்டும் என்ற பட்டியலையும், மகனைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். அதன் பக்கத்தில் மனிதவள அமைச்சின் கீழுள்ள திறன் மேம்பாட்டுத் துறை வெளியிடும் தேசியத் தொழில்திறன் தரநிலையை வையுங்கள். 'நோஸ்' என்று அழைக்கப்படும் அந்த ஆவணம் ஒரு தொழிலைத் திறன் அலகுகளாகவும், அவற்றைச் செய்பணிகளாகவும் பிரித்துக் காட்டும்.

இரண்டிலும் வினைச்சொற்களைப் பாருங்கள். பாடம் "மும்முனை மோட்டார் இயங்கும் விதத்தை விளக்குதல்" என்றால், ஆலைக்குத் தேவை "ஸ்டார்-டெல்டா இயக்கியை (மோட்டாரை ஓடத் தொடங்க வைக்கும் கருவியை) வரைபடம் பார்த்து இணைத்துச் சோதித்தல்". விளக்கத் தெரிந்தவனுக்கு இணைக்கவும் தெரியும் என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆய்வகத்தில் அவன் கையாலேயே இணைத்திருந்தால் அந்த ஆய்வக அறிக்கை, தொழில்துறைப் பயிற்சிக் குறிப்பேட்டில் மேற்பார்வையாளர் கையெழுத்திட்ட பக்கம் ஆகியவற்றை அந்தப் பணிக்கு நேரே சான்றாக எழுதலாம். சான்று இல்லாத வரியை வெற்றாகவே விடுங்கள். இதில் நான் மிகவும் கண்டிப்பானவன். மின்சாரம் தொடர்பான வேலையில் தெரியாததைத் தெரியும் என்று எழுதுவது உயிருக்கு ஆபத்து.

வெற்று வரிகளை நிரப்ப வழி உண்டு. சில காலம் வேலை செய்த பிறகு, அனுபவத்தை முன்வைத்து, முன்பு பெற்ற திறனை அங்கீகரிக்கும் 'பிபிடி' முறையில் மலேசியத் திறன் சான்றிதழான எஸ்கேஎம் பெறலாம். மின் நிறுவல்களைப் பொறுப்பேற்று இயக்குவதற்கு எரிசக்தி ஆணையத்தின் சார்ஜ்மேன் தகுதிச் சான்றிதழ் தனியாக வேண்டும். டிப்ளோமா அதற்கு ஈடாகாது. மலேசியத் தகுதிக் கட்டமைப்பில் டிப்ளோமாவும் மலேசியத் திறன் டிப்ளோமாவும் ஒரே 4ஆம் நிலைதான். ஆனாலும் நிலை ஒன்று என்பதால் வேலையும் ஒன்றாகிவிடாது.

வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால், அவன் படிக்கும் டிப்ளோமா, பொறியியல் தொழில்நுட்பர் படிப்புகளை நாடுகள் பரஸ்பரம் ஏற்கும் டப்ளின் உடன்படிக்கையின் கீழ் அங்கீகாரம் பெற்றதா என்று இப்போதே விசாரியுங்கள். பொறியியல் பட்டங்களுக்கான வாஷிங்டன் உடன்படிக்கையில் மலேசியா 2009 முதல் முழு உறுப்பினர். ஆனால் அது டிப்ளோமாவுக்குப் பொருந்தாது.

இந்த ஒப்பீட்டை ஒரே பக்கத்தில், மலாய் மொழியில் தயாரிக்கச் சொல்லுங்கள். 'நோஸ்' ஆவணத்தில் உள்ள சொற்களையே அதில் பயன்படுத்தட்டும். ஆலைப் பொறியாளருக்கு ஒப்பிட்டுப் பார்க்க எளிது.