எல் பாஸோ மலையில ஒரு நாள்: ஸ்டாக் எஸ்யூவிய வச்சு பழைய சுரங்க ஊருக்குப் போலாமா?

வாசகர் கேள்வி: லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் இருக்கோம், வண்டி ஒரு சுபாரு ஃபாரஸ்டர், கம்பெனி குடுத்தபடியேதான் இருக்கு. நவம்பர் கடைசில ஒரே நாள்ல டெத் வேலி, ரெட் ராக் கேன்யன், பர்ரோ ஷ்மிட் டனல், ரேண்ட்ஸ்பர்க் எல்லாம் பாத்துட்டு வரலாமா? கூட மனைவி, 9 வயசு பொண்ணு, 68 வயசு அப்பா. பழைய சுரங்கத்துக்குள்ள பொண்ணைக் கூட்டிட்டுப் போறது சரியா?

போலாம், ஆனா முதல்ல டெத் வேலிய லிஸ்ட்ல இருந்து எடுத்துடுங்க. ரெட் ராக் கேன்யனுக்கே உங்க ஊர்ல இருந்து சுமார் 120 மைல், ரெண்டு மணி நேரம் ஆகும், நவம்பர் கடைசில சாயங்காலம் அஞ்சு மணிக்கு முன்னாடியே சூரியன் இறங்கிடும், மண் ரோட்டுல மணிக்கு 10 மைல் போனாலே நல்ல வேகம். பாலைவனத்துல ஃபேமிலியோட மாட்டிக்கிறவங்கள்ல நிறைய பேருக்கு வண்டில குறை இருக்காது, லிஸ்ட்டு நீளமா இருக்கும், அடுத்த இடத்துக்கு லேட்டாகுதேன்னு திரும்ப வேண்டிய இடத்துல திரும்பாம போயிருப்பாங்க. அதனால ரெட் ராக் கேன்யனை ஒட்டி இருக்கிற, நீங்க கேட்ட டனலும் இருக்கிற எல் பாஸோ மலை, இறங்குற வழியில ரேண்ட்ஸ்பர்க், இது மட்டும் போதும், அதுவே ஒரு முழு நாளைக்கு வரும்.

வண்டியப் பத்தி. ஃபாரஸ்டர்ல கிரவுண்ட் கிளியரன்ஸ் 8.7 இன்ச், ஆல் வீல் டிரைவ் இருக்கு, ஆனா லோ ரேஞ்ச் கியர், அதாவது பாறையில, செங்குத்துல மெதுவா பலமா ஏற உதவுற கியர், கிடையாது. அதனால டனலுக்கு லாஸ்ட் சான்ஸ் கேன்யன் வழியா ஏறாதீங்க, பாக்க ரொம்ப அழகான வழிதான், ஆனா பாறைப் படிகளும் மணலும் இருக்கு, ஒவ்வொரு மழைக்கும் ஓடைத் தரை மாறிடும், போன வருஷம் ஒருத்தர் போட்ட வீடியோவ நம்பி இறங்க முடியாது. ரெட் ராக் ரேண்ட்ஸ்பர்க் ரோட்டு பக்கத்துல இருந்து மலைக்குள்ள ஏறுற மெஸ்கிட் கேன்யன் வழியாப் போய் அதே வழியா இறங்குங்க. செங்குத்தான இடம், கல்லு எல்லாம் அதுலயும் உண்டு, ஆனா ஏறும்போது பாத்த ரோட்டுலதான இறங்கப் போறீங்க, புதுசா எதுவும் வந்து நிக்காது. போற வழியில ஹைவே 14ல ஜாபோன் ஸ்டேஷன்னு ஒரு விசிட்டர் சென்டர் இருக்கு, அங்க நிறுத்தி மேப் வாங்கிட்டு, இந்த வாரம் மெஸ்கிட் கேன்யன் எப்படி இருக்குன்னு வாய் விட்டுக் கேளுங்க, அந்த பதில் எந்த ஆப்லயும் கிடைக்காது.

உங்களுக்கு சந்தேகம் வர்ற முதல் இடத்துல நிறுத்துங்க, இறங்கி நடந்து பாருங்க. இதுல திரும்பி ஏற முடியுமான்னு கேட்டா ஆமான்னு உடனே சொல்ல முடியணும், யோசிக்க வேண்டி இருந்தா அங்கயே வண்டிய திருப்பிடுங்க. மதியம் 1 மணிக்குள்ள டனலுக்குப் போய்ச் சேரலன்னாலும் அப்படியே திரும்பிடுங்க, இதை வீட்டுலயே பேசி முடிவு பண்ணிட்டுக் கிளம்புங்க, அங்க போய் பேசுனா யாராவது ஒருத்தர் இன்னும் கொஞ்சம் போலாமேன்னு சொல்லுவாங்க.

டயர் காத்த 25 பிஎஸ்ஐ வரைக்கும் குறைச்சா கல்லு மேல டயர் பிடிச்சு நிக்கும், உள்ள உக்காந்திருக்கிறவங்களுக்கும் குலுக்கல் குறையும். அதைத் திரும்ப அடிக்க 12 வோல்ட் கம்ப்ரஸர் கண்டிப்பா வேணும். ஸ்பேர் வீல்ல காத்து இருக்கான்னு கிளம்புறதுக்கு முன்னாடி பாருங்க, இதை பல பேர் பாக்குறதே இல்ல. இழுக்கிற கொக்கி டூல் கிட்ல இருக்கும், பம்பர்ல ஒரு மூடியத் தொறந்து திருகி மாட்டணும், மெதுவா இழுக்க மட்டும்தான் அது, யாராவது ஸ்ட்ராப் மாட்டி ஜெர்க் குடுத்து இழுக்கறேன்னா வேண்டாம்னு சொல்லிடுங்க. வாடகை வண்டில போற யோசனை இருந்தா விட்டுடுங்க, பெரும்பாலான கம்பெனி ஒப்பந்தத்துல மண் ரோட்டுக்கே அனுமதி இல்ல, இன்ஷூரன்ஸும் நிக்காது. பெட்ரோல் மொஹாவே டவுன்லயே ஃபுல்லா போட்டுக்குங்க. தண்ணி ஆளுக்கு ஒரு நாளைக்கு 1 கேலன்னு கணக்கு, நீங்க ரெண்டு நாளைக்கு எடுத்துட்டுப் போங்க, ஒரு ராத்திரி வண்டியிலயே தங்க வேண்டி வந்தாலும் தாங்கணும், போர்வையும் வேணும், ராத்திரி நல்லாவே குளிரும். மலைக்குள்ள சிக்னல எதிர்பாக்காதீங்க. ஐஃபோன் 14ல இருந்து சாட்டிலைட் எமர்ஜென்சி மெசேஜ் இருக்கு, ஆனா அதுக்கு மேல வானம் தொறந்து தெரியணும், கேன்யன் சுவரு மறைச்சா போகாது, அதனால எத்தனை மணிக்குள்ள ஃபோன் வரலன்னா யாருக்கு சொல்லணும்னு வீட்டுல ஒருத்தர்கிட்ட எழுதிக் குடுத்துட்டுப் போங்க.

இப்ப சுரங்கம். பொண்ணுக்கு இந்த டனல் கதைய கார்லயே சொல்லிட்டுப் போங்க. வில்லியம் ஹென்றி ஷ்மிட்னு ஒருத்தர், காசநோயில கூடப் பிறந்தவங்கள இழந்து வறண்ட காத்துக்காக இங்க வந்தவர், 1906ல காப்பர் மலையக் குடைய ஆரம்பிச்சார், மலைக்கு அந்தப் பக்கம் தாதுவக் கொண்டு போக வழி வேணும்னு. மம்பட்டி, சுத்தியல், கை டிரில், டைனமைட், கழுதை ரெண்டு, தனி ஆளு. 1920 வாக்குல லாஸ்ட் சான்ஸ் கேன்யன் வழியா ரோடு வந்துடுச்சு, டனலுக்கு இனி அவசியமே இல்ல, இருந்தாலும் அவர் நிறுத்தல, 1938ல மறுபக்கம் வெளிச்சத்தப் பாத்துட்டுத்தான் விட்டார், கிட்டத்தட்ட அரை மைல் நீளம். 9 வயசுக் குழந்தைக்கு இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியாது.

இந்த டனலுக்குள்ள மட்டும் போலாம்னு நான் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. ரெண்டு பக்கமும் தொறந்திருக்கிறதால காத்து ஓடிட்டே இருக்கும், குடைஞ்சது கெட்டியான பாறையில, மரத்த முட்டுக் குடுத்து நிக்கிற கூரை இல்ல. மத்த சுரங்கம் பெரும்பாலும் ஒரு பக்கம் அடைஞ்சது, உள்ள ஆக்சிஜன் குறைஞ்ச காத்து தேங்கி நிக்கலாம், அதுக்கு வாசனை கிடையாது, அப்படி இருந்தா நாலு அடி எடுத்து வைக்கிறதுக்குள்ள ஆள் மயங்கிடலாம், காப்பாத்தப் போறவரும் விழலாம். தரையில பலகை போட்டு மூடுன செங்குத்துக் குழி (ஷாஃப்ட்), பழைய வெடிமருந்து, இதெல்லாம் இருட்டுல தெரியாது. அதனால வேற எந்தச் சுரங்க வாயிலும், எவ்வளவு சின்னதா இருந்தாலும், பொண்ணு மட்டும் இல்ல நீங்களும் தலைய நீட்டாதீங்க, ஷாஃப்ட் விளிம்பு மண்ணு உள்ள சரியக்கூடியது, எட்டிப் பாக்கவும் கூடாது. டனல்ல ஆளுக்கு ஒரு டார்ச், கூடுதலா ஒண்ணு, தலைக்கு ஹெல்மெட், பொண்ணுக்கு சைக்கிள் ஹெல்மெட் போதும், சில இடத்துல கூரை தாழ்வா இருக்கும். அப்பாவுக்கு முட்டியோ முதுகோ வலி இருந்தா வாசல்லயே நிழல்ல உக்காரட்டும். வாசல்ல மூடியிருக்குன்னு போர்டு இருந்தா திரும்பிடுங்க, நான் எழுதினதெல்லாம் அப்ப செல்லாது.

பழைய கேபினுக்குள்ள எலிப் புழுக்கை கிடந்தா உள்ள போகவேண்டாம், ஹான்டா வைரஸ் அப்படித்தான் வருது. இது கெர்ன் கவுண்ட்டி, இந்த மண்ணுல வேலி ஃபீவர்ங்கிற (Valley fever) நுரையீரல் நோயைக் குடுக்கிற பூஞ்சை இருக்கு, முன்னாடி வண்டி போச்சுன்னா புழுதி அடங்குற வரைக்கும் நின்னு போங்க, கண்ணாடிய ஏத்தி ஏசிய ரீசர்குலேஷன்ல வைங்க. வந்து ஒண்ணுல இருந்து மூணு வாரத்துக்குள்ள யாருக்காவது விடாத இருமல் காய்ச்சல்னா, பாலைவனத்துக்குப் போயிட்டு வந்தோம்னு டாக்டர்கிட்ட சொல்லணும், சொல்லலன்னா வேலி ஃபீவர் டெஸ்ட்ட அவங்க யோசிக்காமலே விட வாய்ப்பிருக்கு.

நின்ன வண்டிய எடுக்கிறதுக்கு முன்னாடி கீழ குனிஞ்சு பாருங்க. பாலைவன ஆமை நிழலுக்கு வந்து படுத்திருக்கும், நவம்பர் கடைசில பெரும்பாலும் வளைக்குள்ளதான் இருக்கும், இருந்தாலும் பாத்துடுங்க. 1990ல இருந்து அதுக்கு ஃபெடரல் சட்டப் பாதுகாப்பு இருக்கு. பாவம்னு தூக்காதீங்க, பயத்துல அது சேத்து வச்ச தண்ணிய வெளிய விட்டுடும், அந்தத் தண்ணி இல்லாம அது செத்தே போகலாம். பழைய டப்பா, பாட்டில், ஆணி, எதையும் எடுத்துட்டு வரவேண்டாம்.

மலைய விட்டு இறங்கினதும் கார்லாக் ரோட்டுல கிழக்கே திரும்புங்க. அந்த ரோட்டுக்குப் பக்கத்துலயேதான் கார்லாக் ஃபால்ட்ங்கிற நிலப்பிளவு ஓடுது, எல் பாஸோ மலை எழுந்து நிக்கிறதே அதோட ஓரத்துலதான். கார்லாக்னு ஒரு ஊரும் இருந்துச்சு, கொஞ்சம் இடிபாடு மிச்சம். 1895ல ரேண்ட் மலையில தங்கம் கிடைச்சப்ப அங்க தண்ணி இல்ல, அதனால தாதுவ வண்டில ஏத்தி கார்லாக்ல இருந்த மில்லுக்குக் கொண்டு வந்து இடிச்சாங்க, அப்புறம் 1898ல பக்கத்துல அதே பேர்ல இருக்கிற ஜோகன்னஸ்பர்க்ங்கிற சின்ன ஊருக்கு ரயில் வந்துச்சு, ரேண்ட்ஸ்பர்க்குக்கு பைப்புல தண்ணி போச்சு, கார்லாக்குக்கு வேலை இல்லாமப் போச்சு. பக்கத்துல கோலர்னு (Goler) ஒரு இடத்துல 1893லயே தங்கம் எடுத்தவங்க தண்ணியே இல்லாம, முறத்துல புடைக்கிற மாதிரி காத்தால மண்ண ஊதித் தங்கத்தப் பிரிச்சாங்க. ரேண்ட்ஸ்பர்க்ல இன்னும் ஆளுங்க குடியிருக்காங்க, அதனால வீட்டு வாசல்ல ஏறி ஃபோட்டோ எடுக்காதீங்க, பழைய கடைத்தெருவ நடந்து பாருங்க, அப்பாவுக்கு இந்த இடம்தான் பிடிக்கும்.

வீட்டுக்கு ஹைவே 395 வழியா கிரேமர் ஜங்ஷன் போய் இறங்கலாம், வழியில அட்டோலியா வரும், முதல் உலகப் போர் சமயத்துல டங்ஸ்டனுக்காகக் குடைஞ்ச ஊர், அங்கயும் ஷாஃப்ட் நிறைய இருக்கு, ரோட்டுல இருந்தே பாத்துக்குங்க. தார் ரோட்டத் தொட்ட உடனே டயருக்குப் பழைய அளவு காத்து அடிச்சுடுங்க, குறைஞ்ச காத்தோட 60 மைல் வேகத்துல ஓட்டுனா டயர் சூடாகி வெடிக்கலாம். அந்த ரோட்டுல பல இடம் ரெண்டு லேன்தான், இருட்டுல ஓவர்டேக் பண்ண அவசரப்படாதீங்க.