வெளிநாட்டுப் பெருநகரத்தில் அன்றாட வாழ்க்கைக்குப் பழகியது எப்படி?

எனக்கு அந்த நகரம் டோக்கியோ. 2017-ல் வேலைக்காக வந்தேன், இன்னும் இங்கேதான்.

காகித வேலைக்குப் பயப்படாதீர்கள். குடியிருப்பு அட்டையை விமான நிலையத்திலேயே கொடுத்துவிடுவார்கள். வீடு அமைந்ததும் 14 நாளுக்குள் வார்டு அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். போன் எடுக்கப் போனால் வங்கிக் கணக்கு கேட்டார்கள், வங்கிக்குப் போனால் போன் நம்பர் கேட்டார்கள். ஆபீஸ் நம்பரைக் கொடுத்துச் சமாளித்தேன். வலித்தது 'ரெய்கின்'தான். ஒரு மாத வாடகையை வீட்டுக்காரருக்கு நன்றிப் பணமாகக் கொடுக்க வேண்டும், திரும்ப வராது. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவனுக்கே மனசு ஆறவில்லை.

நிஷி-கசாயில் வீடு எடுத்தேன். 2000-ஐ ஒட்டி இந்தியக் கணினிப் பொறியாளர்கள் வந்து சேர்ந்த பகுதி. டோசாய் ரயில் நேராக ஓத்தெமாச்சி அலுவலகங்களுக்குப் போகும் என்பதால் அங்கேயே தங்கிவிட்டார்கள். உளுந்து, கறிவேப்பிலை எல்லாம் கிடைக்கும். ஆகவே சாப்பாட்டுக் கவலை இல்லை.

என்னைத் திணறடித்தது குப்பை. எங்கள் தெருவில் எரியும் குப்பை வாரம் இரண்டு நாள், காகிதமும் பாட்டிலும் ஒரு நாள், எரியாதது மாதம் இரண்டு முறை. காலை எட்டு மணிக்குள் வைக்க வேண்டும். ராத்திரியே வைத்தால் என்ன ஆகிவிடும் என்று ஒருநாள் வைத்துவிட்டுத் தூங்கிப்போனேன். விடியற்காலையில் காக்கா கிழித்து, என் சாம்பார் முருங்கைச் சக்கை தெருவெல்லாம். இங்கே காக்காய்கள் நம்மூர்க் காக்காயைவிடப் பெரியவை. இறங்கி ஓடினால், கீழ்வீட்டுப் பாட்டி ஏற்கெனவே கூட்டிக்கொண்டிருந்தார். துடைப்பத்தைக் கேட்டேன், தரவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறுநாள் தபால் பெட்டியில் வார்டு அலுவலகத்தின் குப்பை நாட்காட்டி கிடந்தது, எங்கள் தெருவுக்கான நாட்களைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு.

அதற்கப்புறம் ஒருநாளும் தவறவில்லை. காக்கா கிழிக்காமல் இருக்கக் குப்பைமேல் போடும் வலையை இழுத்து மூடும்போது பாட்டியோடு "குளிருது, இல்லையா" என்று இரண்டு வார்த்தை பேசுவேன். ஜப்பானிய மொழி வகுப்பில் கற்றதைவிட அந்த வலைப் பக்கத்தில் கற்றது அதிகம்.

வருகிறவர்களுக்கு ஒன்று: மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். இங்கே மின்சாரம் 100 வோல்ட், நம்மூரைவிடக் குறைவு. அம்மா ஆசையாகக் கட்டிக் கொடுத்த மிக்ஸி முனகியது, சட்னி அரையவில்லை. கடைசியில் ஸ்கேல் வைத்து அளந்தேன். 30 செ.மீ.க்கு மேல் போனால் பெரிய குப்பை, காசு கட்டி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். நல்லவேளை, 27 தான். எரியாத குப்பை நாளில், எட்டு மணிக்குள் வைத்துவிட்டேன். அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.