பார்சிலோனாவில் எட்டு நாள்: கடலோரத்திலேயே வீடு எடுக்கலாமா?

கேள்வி: நாங்கள் கோயம்புத்தூரில் வசிக்கிறோம். வரும் மே மாதப் பள்ளி விடுமுறையில் ஸ்பெயினின் பார்சிலோனாவுக்கு எட்டு நாள் போய்வர எண்ணியிருக்கிறோம். நானும் கணவரும், 11 வயது மகள், 5 வயது மகன், 68 வயது மாமியார் என மொத்தம் ஐந்து பேர். மாமியாருக்கு முழங்கால் வலி உண்டு; முட்டைகூடச் சேர்க்காத சைவம். பார்சலோனெத்தா கடற்கரையை ஒட்டி ஒரு வீட்டை வாடகைக்குப் பார்த்து வைத்திருக்கிறோம். அதை எடுக்கலாமா? அதே பயணத்தில் பாரிசையும் சேர்த்துக்கொள்ளலாமா?

பதில்: இரண்டுமே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு எங்கே தங்குகிறோம் என்பது எதைப் பார்க்கிறோம் என்பதைவிட முக்கியமானது என்பதால், முதலில் வீட்டைப் பற்றிப் பேசிவிடுகிறேன்.

பார்சலோனெத்தா 18ஆம் நூற்றாண்டின் நடுவில், 1753இல் கட்டத் தொடங்கிய பழைய துறைமுகக் குடியிருப்பு. அங்குள்ள வீடுகளை மக்கள்தொகை பெருகப் பெருகக் கூறுபோட்டதில், ஒரு தளத்தின் நான்கில் ஒரு பங்கே ஒரு குடும்பத்துக்கு என்றாகிவிட்டது. உள்ளூரில் அதற்குக் ‘கால் வீடு’ என்றே பெயர். அதன் பரப்பு 30 முதல் 35 சதுர மீட்டர், அதாவது நம் கணக்கில் முந்நூற்றுச் சொச்சம் சதுர அடி. பல கட்டடங்களில் மின்தூக்கி கிடையாது. படிகள் குறுகலாகவும் செங்குத்தாகவும் இருக்கும். விளம்பரப் படத்தில் பால்கனியும் ஒரு கீற்று நீலக்கடலும் தெரியுமே தவிர, படிக்கட்டு தெரியாது. இரவு ஒரு மணிக்கும் தெருவில் பேச்சும் சிரிப்பும் ஓயாத பகுதி என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எங்கே வீடு எடுத்தாலும் கவனிக்க வேண்டிய மற்றொன்று அங்குள்ள மாடிக் கணக்கு. நகரின் பழைய கட்டடங்கள் பலவற்றில் தரைத்தளத்துக்கு மேல் ‘எந்த்ரெசுவேலோ’ என்று ஒரு தளமும், அதற்கு மேல் ‘பிரின்சிபால்’ என்று இன்னொரு தளமும் இருந்து, அதன் பிறகே முதல் மாடி என்ற எண்ணிக்கை தொடங்கும். முதன்முறை அங்கே போனபோது, ‘முதல் மாடிதானே’ என்று மின்தூக்கி இல்லாத ஒரு வீட்டை நம்பி எடுத்து, இரண்டு பெட்டிகளுடன் மூன்று மாடி ஏறியவன் நான். ஆகவே, எத்தனையாவது மாடி என்று கேட்காமல், தெருவிலிருந்து வீட்டுக் கதவு வரை மொத்தம் எத்தனை படி, மின்தூக்கி எந்தத் தளத்தில் தொடங்குகிறது என்று எழுத்தில் கேட்டுப் பதில் வாங்குங்கள். கட்டட வாசலிலிருந்து மின்தூக்கியை அடையவே ஏழெட்டுப் படி ஏற வேண்டிய இடங்களும் உண்டு.

சுற்றுலா வீடுகளுக்கு அங்கே நகராட்சி உரிமம் கட்டாயம். உரிம எண் ‘எச்.யு.டி.பி.’ என்ற எழுத்துகளில் தொடங்கும். அது இல்லாத விளம்பரத்தை விட்டுவிடுங்கள். வீட்டு வாடகை உள்ளூர் மக்களுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டதால், இருக்கும் 10,101 சுற்றுலா உரிமங்களையும் 2028 நவம்பருக்குப் பிறகு புதுப்பிக்கப் போவதில்லை என்று நகர நிர்வாகம் 2024இல் அறிவித்துவிட்டது. சுற்றுலாப் பயணியைப் பார்த்தால் அண்டை வீட்டார் முகம் சுளிப்பதற்கு இதுவே காரணம். இரவில் பிள்ளைகளின் ஓட்டத்தை அடக்கி வைப்பது நமக்கும் மரியாதை.

நான் பரிந்துரைப்பது, அதே கடற்கரையில் சற்று வடகிழக்கே உள்ள விலா ஒலிம்பிக்கா அல்லது போப்லெநோவ் பகுதி. 1992 ஒலிம்பிக் போட்டிக்காகத் தொழிற்சாலை நிலங்களையும் ரயில் தடங்களையும் அப்புறப்படுத்தி இந்தக் கடலோரத்தை நகரத்துக்குத் திறந்துவிட்டார்கள். விலா ஒலிம்பிக்கா அப்போது விளையாட்டு வீரர்கள் தங்குவதற்காகக் கட்டிய குடியிருப்பு என்பதால் கட்டடங்கள் புதியவை; மின்தூக்கி இருக்கும். தரை சமதளம், நடைபாதை அகலம். போப்லெநோவின் நடுவே செல்லும் மரநிழல் சாலையில் உள்ளூர்க் குடும்பங்கள் மாலையில் குழந்தைகளோடு உலவுவார்கள். நோவா இக்காரியா, பொகாதெல் கடற்கரைகள் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. மஞ்சள் நிற நான்காம் தடத்து மெட்ரோ உங்களை நகரின் நடுவே கொண்டுபோய்விடும்.

அடுத்து கடல். மே மாதத்தில் வெயில் இதமாக இருந்தாலும் மத்தியதரைக் கடல் இன்னும் சூடேறியிருக்காது. நீரின் வெப்பம் 18 டிகிரியை ஒட்டியே இருக்கும்; ஆகஸ்டில்தான் 25, 26 டிகிரியை எட்டும். நம் பிள்ளைகள் இடுப்பளவு இறங்குவதற்குள் பல் கிட்டிவிடும். உங்கள் விடுமுறைக்குள் நாள்களை நகர்த்த முடியுமானால் மே கடைசி வாரத்தைத் தேர்ந்தெடுங்கள்; அந்த இரண்டு மூன்று வார வித்தியாசம் தண்ணீரில் தெரியும். பார்சிலோனாக் கடற்கரைகளில் மணல் சட்டென்று சரிந்து ஆழமாகும் இடங்கள் உண்டு என்பதால் ஐந்து வயதுப் பிள்ளையைக் கையெட்டும் தூரத்திலேயே வைத்திருங்கள்; பச்சைக் கொடி பறந்தால் குளிக்கலாம், மஞ்சள் என்றால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் இறங்கவே கூடாது. மகன் காலை நனைத்து விளையாட ஆழம் குறைந்த கரைதான் வேண்டுமென்றால், உள்ளூர் ரயிலில் சுமார் 40 நிமிடத் தொலைவிலுள்ள சிட்ஜெஸ் ஊருக்கு ஒரு நாள் போய்வாருங்கள்.

அந்த ஊரின் கடிகாரம் நம்முடையதிலிருந்து வேறுபட்டது. கோடையில் ஸ்பெயின் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். அங்கே மதிய உணவு ஒன்றரை மணிக்கு மேல். இரவு உணவுக்கு உணவகங்கள் எட்டரை, ஒன்பது மணிக்குத்தான் களைகட்டும். இரவு ஒன்பது மணி என்பது முதல் சில நாள்களுக்கு உங்கள் பிள்ளைகளின் உடம்புக்கு நள்ளிரவு பன்னிரண்டரை. சாப்பாட்டுத் தட்டிலேயே தூங்கி விழுவார்கள். எனவே, பெரிய சாப்பாட்டை மதியம் இரண்டு மணிக்கு வெளியே வைத்துக்கொண்டு, இரவுக்கு வீட்டிலேயே எளிதாக ஏதாவது சமைத்துக்கொள்வது நல்லது. விடுதியறையைவிடச் சமையலறையுள்ள வீட்டை நான் ஆதரிப்பதும் இதனால்தான். வாரநாள் மதியங்களில் பெரும்பாலான உணவகங்கள் ‘மெனு தெல் தியா’ என்ற பெயரில் இரண்டு வகை உணவும் ஓர் இனிப்பும் சேர்த்து ஒரே விலைக்குத் தரும். இரவு விலையோடு ஒப்பிட்டால் இது மிகவும் மலிவு. சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரம் ஓய்வெடுத்தால், மே கடைசியில் சூரியன் மறைய ஒன்பதே கால் ஆகும் என்பதால், மாலை ஆறு மணிக்குக் கிளம்பினாலும் கடற்கரையில் மூன்று மணி நேர வெளிச்சம் மிச்சமிருக்கும்.

இந்தக் கணக்கில் ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம் போதும். சாக்ராடா ஃபமீலியா தேவாலயத்தின் கட்டுமானம் 1882இல் தொடங்கியது. மறு ஆண்டு பொறுப்பேற்ற கட்டடக் கலைஞர் அந்தோனி கௌதி, 1926இல் டிராம் மோதி இறக்கும்வரை அதிலேயே ஆழ்ந்திருந்தார். அதன் கிழக்குச் சன்னல்களில் நீலமும் பச்சையுமாகவும், மேற்கில் மஞ்சளும் சிவப்புமாகவும் வண்ணக் கண்ணாடிகள் பதித்திருக்கிறார்கள். எல்லோரும் காலையில் போவார்கள். நீங்கள் மாலை ஐந்து மணிக்குச் சீட்டு எடுங்கள். மேற்கு வெயில் தூண்களின் மேல் செம்மஞ்சளாக வழிந்து, தரையில் நிற்பவர்களின் சட்டைகூட நிறம் மாறும் நேரம் அது. நேரம் குறித்த சீட்டை இணையத்தில் பல வாரங்களுக்கு முன்பே வாங்கிவிட வேண்டும். 11 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இலவசம் என்றாலும் மகனுக்கும் ஒரு சீட்டுப் பதிவுசெய்யுங்கள். மகளுக்குக் கட்டணம் உண்டு. கோபுரத்தில் ஆறு வயதுக்குக் குறைந்தவர்களை ஏற்றுவதில்லை. மேலும் ஏறுவதற்குத்தான் மின்தூக்கி, இறங்குவது சுருள் படிக்கட்டு வழியே. மாமியாரின் முழங்காலை நினைத்து கோபுரத்தை விட்டுவிடுங்கள். உள்ளே அமர்ந்து அண்ணாந்து பார்ப்பதே போதும்.

கௌதி வடிவமைத்த பார்க் குவெல் பூங்கா குன்றின் மேலுள்ளது. மெட்ரோவில் போனால் செங்குத்தான தெருக்களில் ஏற வேண்டும். 24ஆம் எண் பேருந்து மேல்பக்க நுழைவாயிலுக்கு அருகிலேயே இறக்கிவிடும். வெயில் அதிகமான நாளுக்கு காஸ்மோகைசா அறிவியல் அருங்காட்சியகத்தை ஒதுக்கி வையுங்கள். அமேசான் காட்டின் வெள்ளம் சூழ்ந்த ஒரு பகுதியை 1,000 சதுர மீட்டரில் உயிருள்ள மீன்களோடும் மரங்களோடும் அமைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் எளிதில் கிளம்ப மாட்டார்கள்.

சைவ உணவு கிடைக்குமா என்றால், கிடைக்கும்; சொல்லில்தான் சிக்கல். ‘சின் கார்னே’ (இறைச்சி இல்லாமல்) என்று மட்டும் சொன்னால், பன்றித் தொடையைப் பதப்படுத்திய ஹமோன் வந்துவிடக்கூடும். பலருக்கு அது இறைச்சிக் கணக்கில் வருவதில்லை. ‘பொகாதியோ வெஹெத்தால்’, அதாவது காய்கறி ரொட்டி என்று பலகையில் எழுதியிருப்பதில் பெரும்பாலும் சூரை மீனும் முட்டையும் இருக்கும். எனவே மாமியாருக்காக ‘சின் கார்னே, சின் ஹமோன், சின் பெஸ்காதோ, சின் உவேவோ’ என்று நான்கையும் சொல்லுங்கள்: இறைச்சி, ஹமோன், மீன், முட்டை எதுவும் வேண்டாம். நம்பிக் கேட்கக்கூடியவை, சுட்ட ரொட்டியில் தக்காளியைத் தேய்த்து ஆலிவ் எண்ணெயும் உப்பும் இட்ட ‘பா அம்ப் தொமாக்கெட்’, கத்தரிக்காயும் குடைமிளகாயும் சுட்டுத் தோலுரித்த ‘எஸ்கலிவாதா’ ஆகியவை. சுட்ட கத்தரிக்காய் நமக்குப் புதிதல்ல என்பதால் மாமியாருக்குப் பிடித்துப்போக வாய்ப்புண்டு; நெத்திலி வைக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடுங்கள். காய்கறி போட்ட ‘பயேயா’ சோறு என்றாலும் அது மீன் சாற்றில் வெந்திருக்கலாம். கேட்காமல் சாப்பிட வேண்டாம்.

அரிசி, பருப்பு, கொத்துமல்லி எல்லாம் ரவால் பகுதியின் தெற்காசிய மளிகைக் கடைகளில் கிடைக்கும். ஊரிலிருந்து இட்லிப் பொடியும் புளிக்காய்ச்சலும் கொண்டுபோகலாம். நெய், பால்கோவா, பன்னீர் கூடாது. வெளியிலிருந்து பால் பொருள்களையும் இறைச்சியையும் பயணிகள் கொண்டுவருவதை ஐரோப்பிய ஒன்றியம் தடைசெய்திருக்கிறது. பச்சைக் கறிவேப்பிலைக்கும் மாம்பழத்துக்கும் தாவரநலச் சான்று வேண்டும் என்பதால் அவற்றையும் விட்டுவிடுங்கள்.

பாரிஸ் அதிவேக ரயிலில் ஏறக்குறைய ஏழு மணி நேரத் தொலைவு. எட்டு நாளில் இரண்டு நகரம் என்றால் பெட்டி கட்டுவதிலும் அவிழ்ப்பதிலும் இரண்டு நாள் போய்விடும். மாறுதல் வேண்டுமென்றால், பிளாசா எஸ்பான்யாவிலிருந்து ஆர்5 ரயிலில் போய், பற்சக்கர ரயிலில் மோன்செர்ராட் மலைமேல் உள்ள மடாலயத்துக்கு ஏறி இறங்குங்கள். பாறைகள் விரல் விரலாக நிற்கும் அந்த மலையும், அங்குள்ள கரிய மேரி மாதா சிலையும் மாமியாருக்கு நகரத்தைவிட அதிகம் பிடிக்கலாம்.

ஒரே நாடு என்பதால் விசாவும் எளிது. ஸ்பெயினுக்கே விண்ணப்பிக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம் என்பதால், சனவரியிலேயே நேரம் பதிவுசெய்யுங்கள். கோடைக்கு முன் நெரிசல் கடுமையாக இருக்கும். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, மகளுக்கு 45 யூரோ, மகனுக்கு இல்லை. விண்ணப்பத்தைப் பெறும் விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். விசா கைக்கு வரும்வரை, ரத்து செய்தால் பணம் திரும்பும் முன்பதிவுகளை மட்டுமே செய்யுங்கள். விமானத்தில் வளைகுடா நகரம் ஒன்றின் வழியாகப் போவதே நல்லது. ஜெர்மனி வழியாகப் போனால் குடிவரவுச் சோதனை அங்கேயே நடக்கும். கைரேகையும் முகப்படமும் பதியும் புதிய முறை 2025 அக்டோபரில் தொடங்கியதிலிருந்து வரிசை நீண்டால் அடுத்த விமானத்தைத் தவறவிட நேரலாம். வளைகுடா வழியில் அந்த வரிசை பார்சிலோனாவிலேயே வரும். எவ்வளவு நேரம் நின்றாலும் நஷ்டமில்லை.

விமான நிலையத்தில் வரிசையில் முதலில் நிற்கும் டாக்ஸியில் ஏறிவிடாதீர்கள். சாதாரண வண்டியில் நால்வருக்கே இடம், குழந்தையும் ஓர் ஆள் கணக்கு. ஐந்து பேருக்கான பெரிய வண்டி வேண்டும் என்று வரிசையை ஒழுங்குபடுத்துபவரிடம் சொன்னால் அனுப்பிவைப்பார். மெட்ரோவுக்குப் பலரும் பகிர்ந்துகொள்ளும் எட்டுப் பயண ‘தெ ஃபமிலியார்’ அட்டையைக் கேட்பீர்கள். நான்கு வயதுக்குக் குறைந்தவர்களுக்கே இலவசம் என்பதால் ஒருமுறை ஏறினாலே ஐந்து பயணம் கழிந்துவிடும். அன்றாடம் சுற்றுவதானால் ஆளுக்கொரு பத்துப் பயண ‘தெ கஷுவால்’ அட்டை வாங்குவதே சிக்கனம். அதில் 75 நிமிடத்துக்குள் மெட்ரோவிலிருந்து பேருந்துக்கு மாறினால் இன்னொரு பயணம் கழியாது. தங்கும் வரியை 17 வயது நிறைந்தவர்களிடம் மட்டும் இரவுக் கணக்கில் வாங்குவார்கள். பெரியவர்கள் மூவருக்கும் வீட்டு வாடகையோடு அது சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிக்பாக்கெட் பயம் உண்மையானதுதான்: சட்டையில் ஏதோ கறை என்று ஒருவர் துடைக்க வந்தால் நிற்காமல் நடந்துவிடுங்கள், கடவுச்சீட்டுகளை வீட்டில் வைத்துவிட்டு நகலோடு வெளியே போங்கள்.