ஸ்லைடில் மைலின் தெரியவில்லை என்றால் நரம்பில் மைலின் இல்லையா?

கேள்வி: எம்.டி. உடற்கூறியல் படிக்கிறேன். கருவிலிருக்கும் சிசுவின் சயாட்டிக் நரம்பு (பிட்டம் வழியாகக் காலுக்கு இறங்கும் பெரிய நரம்பு) எப்படி வளர்கிறது என்பது என் ஆய்வு. 14 முதல் 28 வாரம் வரையிலான மாதிரிகளை ஃபார்மலினில் வைத்து, பாரஃபின் மெழுகில் பதித்து பிளாக் செய்து, ஹெச் அண்ட் இ என்ற வழக்கமான ஸ்டெயினில் பார்த்தேன். 22 வாரம் வரை நரம்பு இழையைச் சுற்றும் உறையான மைலின் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. பாடநூல்களோ நான்காம் மாதமே தொடங்கிவிடும் என்கின்றன. வேறு எந்த ஸ்டெயின் போடலாம்?

பதில்: பாடநூல் சொல்வது சரிதான், நீங்கள் பார்த்ததும் சரிதான். மைலின் உங்கள் கைக்கு வந்தபோது இருந்திருக்கும். பிளாக் செய்யும்போது கரைந்து போயிருக்கிறது. மைலினில் பெரும்பங்கு கொழுப்பு. ஃபார்மலின் புரதத்தைப் பிடித்து நிறுத்தும், கொழுப்பை அவ்வளவாகப் பிடிக்காது. அப்புறம் ஆல்கஹாலிலும் சைலீனிலும் ஊறும்போது அது கழுவிக்கொண்டு போய்விடும். வளர்ந்தவரின் நரம்பிலாவது ஆக்ஸானை, அதாவது நரம்பு இழையை, சுற்றி வெற்று வளையம் ஒன்று மிஞ்சும். 18 வாரச் சிசுவின் மெல்லிய உறையில் அதுகூடக் கண்ணில் படாது.

எவ்வளவு மெல்லியது என்று கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். நரம்பின் துணைச் செல்லான ஷ்வான் செல் தன் சவ்வைப் பாய் சுருட்டுவது போல ஆக்ஸானைச் சுற்றிச் சுற்றி வைக்கிறது. ஒரு சுற்றின் தடிமன் ஏறத்தாழ 15 நானோமீட்டர். ஐந்து சுற்று முடிந்தாலும் 75தான். சாதாரண ஒளி மைக்ரோஸ்கோப்பால் 200 நானோமீட்டருக்கும் குறைவான இடைவெளியைப் பிரித்துக் காட்ட முடியாது. அதனால்தான் மைலின் எப்படி உருவாகிறது என்ற கேள்விக்கே எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப் வந்த பிறகுதான் விடை கிடைத்தது. 1954-ல் பெட்டி பென் கெரன் கோழிக் கருவின் நரம்புகளைப் பார்த்து, அது ஷ்வான் செல்லின் சுருண்ட சவ்வுதான் என்று காட்டினார்.

அந்தச் சுருட்டலுக்கு முன் நடப்பதும் உங்கள் ஆய்வுக்கு உரியதுதான். தொடக்கத்தில் ஒரு சில ஷ்வான் செல்கள் பெரிய ஆக்ஸான் கட்டு ஒன்றை மொத்தமாக அணைத்து நிற்கும். பிறகு அவை பெருகி, கட்டுக்குள் கிளை நீட்டி, தடித்த ஆக்ஸான்களை ஒவ்வொன்றாக ஓரத்துக்குப் பிரித்தெடுக்கும். ஒரு செல்லுக்கு ஓர் ஆக்ஸான் என்ற நிலை வந்த பிறகே மைலின். மெல்லியவை பல சேர்ந்து ஒரே ஷ்வான் செல்லின் மடிப்புகளில் தங்கிவிடும். அவற்றுக்கு மைலின் கடைசிவரை வராது. ஹெச் அண்ட் இ-யில் இவற்றைப் பிரித்துப் பார்க்க முடியாவிட்டாலும், நியூக்ளியஸ் நெருக்கம் வாரத்துக்கு வாரம் மாறுவதை எண்ணிப் பதிவு செய்யலாம். அதை விட்டுவிடாதீர்கள்.

சரி, இப்போது என்ன செய்வது? ஃபார்மலின் ஜாடியில் பிளாக் ஆகாத நரம்புத் துண்டு மீதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அதில் கொழுப்பு இன்னும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஓரிரு மில்லிமீட்டர் துண்டாக வெட்டி ஆஸ்மியம் டெட்ராக்சைடில் வைத்தால் கொழுப்பு கறுத்து நிலைத்துவிடும். பிறகு ரெசினில் பதித்து, ஒரு மைக்ரான் செக்‌ஷன் எடுத்து, டொலுயிடின் புளூ சாயம் போடுங்கள். ஆஸ்மியம் ஆவி கண்ணைக் கெடுக்கும்; ஃப்யூம் ஹூடுக்கு வெளியே புட்டியைத் திறக்கவே கூடாது. இனி சேகரிக்கும் மாதிரியை இரண்டாகப் பிரித்து, ஒன்றை நேராகத் திசுவைப் பதப்படுத்தும் குளூட்டரால்டிஹைடில் போட்டுவிடுங்கள். நரம்பை ஒரு சிறு அட்டையில் நீட்டி ஒட்டவைத்துப் போட்டால் சுருளாது, குறுக்குவெட்டும் சாய்வாக வராது.

பிளாக் மட்டும்தான் மிச்சம் என்றால் மைலினில் உள்ள மைலின் பேசிக் புரோட்டீன் என்ற புரதத்துக்கு இம்யூனோஸ்டெயின் (ஆன்டிபாடி கொண்டு நிறமேற்றுவது) செய்யுங்கள். கொழுப்பு போனாலும் புரதம் நிற்கும். வளர்ந்தவரின் நரம்பு ஒன்றைக் கண்ட்ரோலாகக் கூடவே போடுங்கள். மைலினுக்கான லக்ஸால் ஃபாஸ்ட் புளூ சாயத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். இளம் சிசுவில் அது மிக மங்கலாக எடுக்கும், படிப்பவர் ஆசைப்படி படித்துவிடலாம். எஸ்-100 என்ற புரதத்துக்கான இம்யூனோஸ்டெயின் பழுப்பாக வந்தால் அது ஷ்வான் செல்லுக்கான அடையாளம், மைலினுக்கு அல்ல. மைலின் போடாத ஷ்வான் செல்லும் எஸ்-100 காட்டும். இதைக் குழப்பிக்கொண்டால் முழு அட்டவணையும் தவறாகிவிடும்.

வார எண்ணிக்கையையும் சரிபாருங்கள். மருத்துவமனைக் குறிப்பில் இருப்பது கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணிய வாரம். பல கருவியல் நூல்கள் கருத்தரித்த நாளிலிருந்து எண்ணுகின்றன. இரண்டுக்கும் இடையே இரண்டு வாரம். உங்கள் 18 அங்கே 16. முதல் மூன்று மாத ஸ்கேன் குறிப்பு இருந்தால் அதை வைத்துக்கொள்ளுங்கள், பாத நீளத்தையும் அளந்து ஒப்பிடுங்கள். எல்லாச் சிசுவிலும் நரம்பின் ஒரே மட்டத்தில் துண்டெடுத்தீர்களா என்பதும் முக்கியம். பிட்டத்தில் ஒன்றும் முழங்காலுக்குப் பக்கத்தில் ஒன்றும் எடுத்தால் ஒப்பிட முடியாது.

இன்னொன்று. 20 வாரத்தைத் தாண்டிய கருக்கலைப்புகளில் கணிசமானவை சிசுவின் குறைபாட்டுக்காகச் செய்யப்படுபவை. தண்டுவடமோ மூளையோ மூடாத சிசுவின் நரம்பை இயல்பான வளர்ச்சிக்கு உதாரணமாகச் சேர்க்கக் கூடாது. வயிற்றிலேயே இறந்து சில நாள் கழித்துப் பிறந்தவற்றில் திசு சிதைந்திருக்கும், அவற்றையும் ஒதுக்குங்கள். எண்ணிக்கை குறையும், குறையட்டும். ஒவ்வொரு மாதிரிக்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு அந்தத் தாயின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் இருக்க வேண்டும். அவர் துயரத்தின் நடுவில் கொடுத்தது அது. ஒரு மில்லிமீட்டரையும் வீணாக்காமல் இருப்பதுதான் நாம் காட்டக்கூடிய மரியாதை.

இருக்கும் ஸ்லைடுகளை வைத்து எழுதும்போது, "22 வாரம் வரை மைலின் இல்லை" என்று எழுதாதீர்கள். "பாரஃபின், ஹெச் அண்ட் இ முறையில் 22 வாரம் வரை மைலினைக் காண முடியவில்லை" என்று எழுதுங்கள். தேர்வாளர் கேட்டால் அந்த வரிக்கு நீங்கள் தயங்காமல் பொறுப்பேற்கலாம்.