குப்பை இரும்பு நிறைந்த மண்ணில் மெட்டல் டிடெக்டருக்கு ஏன் சிறிய காயில் (coil)?

குன்னூர்ப் பக்கம் பழைய லயன் வீட்டு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) முற்றத்தில் மோதிரம் தொலைந்தது. மெட்டல் டிடெக்டர் எங்கே வைத்தாலும் கத்துகிறது, என்ன செய்வது என்பது கேள்வி.

காயில் என்பது டிடெக்டரின் அடியில், தரையை ஒட்டி அசைக்கும் வட்டத் தட்டு. உள்ளே சுற்றிய கம்பி காந்தப்புலத்தை உண்டாக்கும். அதில் அகப்படும் உலோகம் பதிலுக்கு ஒரு சைகை தரும். 11 அங்குலக் காயிலின் கீழே நாலு ஆணி, சோடா மூடி, மோதிரம் எல்லாம் ஒன்றாக வந்தால் சைகைகள் கலந்துவிடும். டிடெக்டரை இரும்பை ஒதுக்கும்படி வைத்திருந்தால் மோதிரமும் சேர்ந்தே ஒதுங்கிப் போகலாம். 5, 6 அங்குலக் காயில் அவற்றைத் தனித்தனியாகப் பார்க்கும். தேயிலை பறிப்பது போலத்தான்: கத்தரி போட்டால் முற்றிய இலையும் சேர்ந்து வரும். விரலால் கிள்ளினால்தான் இரண்டு இலையும் ஒரு மொட்டும்.

இங்கத்திய செம்மண்ணிலேயே இரும்பு கலந்திருக்கிறது. சிறிய காயிலுக்கு அந்த இரைச்சலும் குறைவு. ஆழம் கொஞ்சம் குறையும், நேரமும் பிடிக்கும். மெதுவாக, ஒரு வீச்சின் மேல் அடுத்தது பாதி விழும்படி அசையுங்கள். (பழங்காசு ஏதாவது கிடைத்தால் பையில் போட்டுக்கொள்ள வேண்டாம், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.)

சிறிய காயில் சின்னப் பொருளை மட்டும் காட்டும் என்பது தவறு: அண்டா புதைந்திருந்தாலும் காட்டும், சுருங்குவது அது பார்க்கும் பரப்பும் கொஞ்சம் ஆழமும்தான்.